குரலை விற்கிறவன்

பாடிப் பேர் வாங்கிய ஒருவன் சினிமாவில் நடிக்க வந்தால், அவனுடைய தொண்டையே அவனுக்குச் சத்துருவாகிவிடுகிறது. ஜனங்கள் பாட்டுக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று படமுதலாளி நினைக்கிறார். அந்த நினைப்பு பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கிறது. ஆகவே கதை என்பது ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போவதற்குப் போட்ட மூங்கில் பாலமாகிறது. பாத்திரம் என்பது பாடகர் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்ளும் சட்டையாகிறது. பாட்டில்லாத படத்தை அதிகம் பார்த்திராத நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கடத்தைத் தாண்டிய படம் ஒன்று உண்டு. 1958ல் வெளிவந்த 'கிங் க்ரியோல்'. எல்விஸ் பிரெஸ்லிக்கு அது நாலாவது படம், வயது 23. மேடையில் அவர் உடம்பை ஆட்டிப் பாடுவது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்கப் பெரியவர்கள் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. ராணுவத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இந்தப் படத்தை முடித்துக் கொடுப்பதற்காக 60 நாள் தவணை வாங்கிக்கொண்டு நடித்தார். மார்ச் 24ந் தேதி ராணுவத்தில் சேர்ந்தார். டைரக்டர் மைக்கேல் கர்ட்டிஸ், 'காஸாபிளாங்கா'வை எடுத்த அதே மனிதர்.

படத்தின் மூலம் ஹாரல்ட் ராபின்ஸ் 1952ல் வெளியிட்ட 'எ ஸ்டோன் ஃபார் டேனி ஃபிஷர்' என்ற நாவல். அதில் டேனி புரூக்ளினில் வளரும் யூதப் பையன், குத்துச் சண்டைக்காரன், கடைசியில் சாகிறான். படத்தில் அவன் நியூ ஆர்லீன்ஸ் நகரத்துப் பாடகன், பிழைத்தும் விடுகிறான். ஊரை மாற்றி, தொழிலை மாற்றி, முடிவையும் மாற்றியிருக்கிறார்கள். நானும் நாவல் எழுதுகிறவன். இப்படிப்பட்ட காரியங்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இங்கே கொதிக்கவில்லை. காரணம், முஷ்டியை விற்றுப் பிழைக்கிறவன் இருந்த இடத்தில் குரலை விற்றுப் பிழைக்கிறவனை வைத்தார்களே தவிர, விற்பனையை மாற்றவில்லை. நாவலின் உயிர் அந்த விற்பனையில்தான் இருக்கிறது.

படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். விடிந்தும் விடியாத தெருவில் ஒரு பெண் ஆற்று இறால் கூவி விற்றுக்கொண்டு போகிறாள். மாடித் தாழ்வாரத்தில் நின்று டேனி அவளுடைய குரலோடு தன் குரலைச் சேர்த்துப் பாடுகிறான். காதுக்கு அது பாட்டு. தெருவுக்கு அது வியாபாரம். இதற்குப் பிறகு வரும் முக்கியமான பாட்டுகளுக்கெல்லாம் இதே குணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் தேறமாட்டாய் என்று சொல்லப்பட்ட டேனி தெருப்போக்கிரிகளோடு சேர்கிறான். சில்லறைச் சாமான் கடை ஒன்றில் அவன் கிதாரை வைத்துக்கொண்டு பாடுகிறான். எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். கூட்டாளிகள் சாமான்களைச் சுருட்டுகிறார்கள். பாட்டை இவ்வளவு நேர்மையாக, திருட்டுக்கு ஒரு கருவி என்று காட்டிய இன்னொரு சினிமாவை நான் பார்க்கவில்லை.

இரவு விடுதியில் டேனி எச்சில் தம்ளர் எடுக்கிறவன். 'இவனுக்குப் பாட வருமாம், பார்க்கலாம்' என்கிற தோரணையில் அவனை மேடை ஏற்றுகிறான் மாக்ஸி ஃபீல்ட்ஸ். நகரத்தின் பாதி விடுதிகளைக் கைக்குள் வைத்திருக்கும் ரௌடி முதலாளி அவன். டேனி பாடுகிறான். அது விருந்தாளிகளை மகிழ்விக்கிற பாட்டு அல்ல. ஒருவன் மூஞ்சிக்கு நேரே சொல்லும் பதில். கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே கட்டளையிட்டவனை மிரட்டுவது சுலபமான நடிப்பு இல்லை. பிரெஸ்லி அதைச் செய்துவிடுகிறார்.

பாடாத இடங்களில் அவர் இன்னும் நன்றாக இருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். தாய் இறந்தபின் இடிந்துபோன தகப்பன், மருந்துக் கடையில் முதலாளியின் ஏச்சைத் தலைகுனிந்து வாங்கிக்கொள்வதை மகன் பார்க்கிறான். அவனுக்கு அது அவமானம். தகப்பனிடம் பிரியம் இருப்பதால்தான் அவமானம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கோபம் தெரியும். பிரெஸ்லியும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். டீன் ஜாகர், வால்டர் மாத்தௌ, கரோலின் ஜோன்ஸ் போன்ற கைதேர்ந்த நடிகர்கள் எதிரே நிற்க, அவர்களைக் கவனித்துக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாடகர்களுக்குக் கேட்பது லேசில் வராது. மாக்ஸியின் பிடியில் கிடந்து குடித்துக் குலைந்த ரோனியாகக் கரோலின் ஜோன்ஸ் பேசும்போது, பிரெஸ்லியின் முகம் ஒரு பையன் முகமாகவே இருக்கிறது. நட்சத்திரத்தின் முகமாக இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில், 'கிங் க்ரியோல்' என்ற விடுதிக்கு டேனி வேலைக்கு வந்தபின், பாட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன; இசைத்தட்டுக் கம்பெனியின் கணக்கு அங்கே தெரிகிறது. கடையில் வேலை செய்யும் நல்ல பெண் நெல்லி, நல்லவளாக இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய அனுமதிக்கப்படவில்லை. ரோனி சாக, கதாநாயகன் பிழைக்கிற முடிவும் சௌகரியமான முடிவுதான். ஆனாலும் அந்த முடிவில் ஒன்று இருக்கிறது. கடைசிப் பாட்டை டேனி விடுதியில் பாடிக்கொண்டிருக்கும்போது தகப்பன் உள்ளே வந்து நின்று கேட்கிறார். படம் முழுவதும் விலைபோன குரல், அந்த ஒரு கேட்பவருக்கு மட்டும் விலையில்லாமல் போய்ச் சேர்கிறது.

ராணுவத்திலிருந்து பிரெஸ்லி 1960ல் திரும்பினார். அந்த வருஷம் 'ஃப்ளேமிங் ஸ்டார்', அடுத்த வருஷம் 'வைல்ட் இன் தி கன்ட்ரி' என்று பாட்டைக் குறைத்து நடிப்பை நம்பிய இரண்டு படங்கள் வந்தன. அவற்றைவிட 'ஜி.ஐ. ப்ளூஸ்', 'ப்ளூ ஹவாய்' ஆகிய பாட்டுப் படங்கள்தான் பணத்தைக் கொட்டின. பிறகு கடற்கரை, கார், பெண்கள், பாட்டு என்று ஒரே அச்சில் வார்த்தார்கள். மொத்தம் 31 கதைப் படங்கள். நடித்தவற்றில் தனக்குப் பிடித்தது 'கிங் க்ரியோல்' என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1977ல், 42 வயதில், இறந்துபோனார்.

குரலை விற்கிற ஒருவனை முதலாளிமார் எப்படி வளைத்துப் பிடிக்கிறார்கள் என்பதுதான் டேனியின் கதை. டேனி தப்பிவிட்டான். அவனாக நடித்தவரை மாக்ஸி ஃபீல்ட்ஸ் யாரும் துப்பாக்கி காட்டிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் கைநிறையப் பணம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கிய நாமும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களே.