ஏவற்சொல் ஏறிய அரியணை

மதுக்கரைக் கடைத்தெருவில் சரம்சரமாகத் தொங்குகிறது ஷாம்பு. சிமெண்டுத் தூசு படிந்த தலையோடு வரும் தொழிலாளி ஒரு பொட்டலம் வாங்கிப் போகிறார். வாங்கட்டும், தலை தூய்மையானால் சரி. ஆனால் அதே கடையில் அரப்பு கேட்பவரைப் பார்த்து, “இன்னுமா இந்தப் பட்டிக்காட்டுப் பழக்கம்?” என்று இளிக்கிறதே ஒரு கூட்டம், அதனிடம் கேட்போம்: ஷாம்பு என்றால் என்ன பொருள்?

சோப்புக்கும் நுரைக்கும் அச்சொல்லோடு தொடக்கத்தில் உறவே கிடையாது. யூலும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியைப் புரட்டுங்கள். உடலைப் பிசைந்து அழுத்தி அலுப்புப் போக்குவதே ஷாம்பு என்கிறது அது. ‘சாம்ப்னா’ என்னும் இந்தி வினையின் ஏவல் வடிவம் ‘சாம்போ’; பெரும்பாலும் அதன் திரிபே இச்சொல் என்றும் கூறுகிறது.

ஏவல்! “அழுத்து! பிடித்துவிடு!” சாய்ந்து கிடந்தவன் வாயில் பிறந்து, குனிந்து நின்றவன் காதில் விழுந்த சொல். ஏவலிலிருந்து கிளைத்த வேறு சொற்களையும் அவ்வகராதி காட்டுகிறது. வெள்ளையர் இந்நாட்டு மொழிகளில் விரும்பிக் கற்றது கட்டளையைத்தான் போலும்! இலக்கணத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கண்ட தொகுப்பாளர்கள், ஏவியவன் யார், ஏவப்பட்டவன் யார் என்று கேட்கவில்லை. நான் காணும் பெருங்குறை அதுதான்.

ஏவப்பட்ட கைக்கும் ஒரு காலம் வந்தது. 1759இல் பாட்னாவில் பிறந்து, கும்பினிப் படையில் இருந்து, பின் அயர்லாந்து சென்ற சேக் தீன் முகமது, 1814 அளவில் இங்கிலாந்தின் பிரைட்டனில் குடியேறி, மூலிகை நீராவிக் குளியலோடு உடல் பிசையும் சிகிச்சை நடத்தினார். 1822இல் அதுபற்றி நூலும் எழுதினார். மன்னர் நான்காம் ஜார்ஜ் அவரைத் தம் ஷாம்பு மருத்துவராக அமர்த்திக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் தலை கழுவுவதைக் குறித்தது. பிறகு கழுவும் பொருளுக்கே பெயராயிற்று. பிசைந்த கை மறைந்தது, புட்டி நின்றது.

உடனே, “ஷாம்பும் நம் பாரதப் பெருமையே” என்று மார்தட்ட ஒருவர் கிளம்புவார். பணியாளன் முதுகில் ஏறி வந்த சொல்லில் பெருமை எங்கே ஐயா?

அரப்பைப் பாருங்கள். உசிலை இலையை உலர்த்தி இடித்த பொடி. நீர்பட்டால் நுரைக்கிறது, காரணம் அதிலுள்ள சபோனின். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அப்பொடிக்குக் கிழமை தெரியாது. ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்று நாள் குறித்தது நம்மவர் மூடத்தனம்.

இனித் தமிழில் அகராதி செய்வோர், ‘தலை கழுவும் நீர்மம்’ என்று ஷாம்புக்கு எழுதி முடித்துவிடாமல், ‘சாம்போ’ என்ற அந்த ஏவலையும் ஏவப்பட்டவனையும் ஒரு வரியில் குறிக்கட்டும். அரப்புக்கு, உசிலை இலை என்பதோடு நிறுத்தாமல், அதை இடித்தெடுத்த கொங்குப் பெண்களின் உழைப்புக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.