28 இடம் தள்ளி இருந்த பதில்

போன வருஷம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அது நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அம்மா தானா மூச்சு விட ஆரம்பிக்க சில மணி நேரம் ஆயிடுச்சு, அதுவரைக்கும் வென்டிலேட்டர். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பத்தி இருந்தது ஒரே வரி: "ஸ்கோலின் ஆப்னியா". போட்டோவுக்குக் கீழே அவன் கேட்டிருந்தான்: "டேய், இதுக்கு என்னடா அர்த்தம்? அடுத்த மாசம் எங்க மாமாவுக்கும் ஆபரேஷன் இருக்கு."

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சிட்டு இருபது வருஷமா கோடு எழுதறவன். "முதல்ல மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்தச் சீட்டைக் காட்டு"ன்னு சொன்னேன். அப்புறம் வழக்கம்போல நானும் தேட உட்கார்ந்தேன். ரெண்டு ராத்திரி ஆச்சு.

இந்தப் பதிவு அந்த நோயைப் பத்தினது இல்லை. அந்த ரெண்டு ராத்திரியும் நான் பயன்படுத்தின தேடுபொறிகள், தரவுத்தளங்கள் பத்தின விமர்சனம். எல்லாமே அருமையான கருவிகள், பெரும்பாலும் இலவசம். ஆனா எல்லாத்துக்கும் பொதுவா ஒரு குறை இருக்கு: தேடறவனுக்குப் பேர் ஏற்கெனவே தெரியும்னு நினைச்சுக் கட்டியிருக்காங்க. பேர் தெரியாதவனுக்கும் ஒரு பதில் வரும். அது பாதிப் பதில்தான் என்பதை எதுவும் சொல்லாது.

ஒரே சங்கதி, எத்தனை பேர்

ஸ்கோலின் என்பது ஒரு வணிகப் பெயர். மருந்தோட பெயரை அமெரிக்கக் கட்டுரைகள் சக்சினைல்கோலின்னு எழுதும்; பிரிட்டிஷ் வழக்கத்தில் சக்சமித்தோனியம். தொண்டைக்குள்ள குழாய் போடறதுக்காகத் தசைகளைச் சில நிமிஷம் தளர்த்தற மருந்து. ரத்தத்தில் இருக்கற ஒரு என்சைம் அதைச் சீக்கிரம் உடைச்சுடும். அந்த என்சைம் வேலை செய்யாதவங்களுக்குச் சில நிமிஷம் சில மணி நேரமாகும். மூச்சுக்கான தசையும் தசைதானே? அதான் ஆப்னியா. இந்தச் சொல்லுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேற வேற.

என்சைமுக்கு இன்னும் மோசம். சூடோகோலினெஸ்டெரேஸ், பிளாஸ்மா கோலினெஸ்டெரேஸ், சீரம் கோலினெஸ்டெரேஸ், பியூட்டைரில்கோலினெஸ்டெரேஸ்: நாலும் ஒண்ணுதான். ஜீனோட சுருக்கப்பெயர் பி-சி-ஹெச்-இ. இதே நாலு எழுத்தில் ஒளிச்சேர்க்கை செய்யற பாக்டீரியாவில் வேற ஒரு ஜீன் இருக்கு. இதோட சொந்தக்கார என்சைமான அசிட்டைல்கோலினெஸ்டெரேஸோட ஜீன் சுருக்கம் ஏ-சி-ஹெச்-இ. அதைத் தனியா டைப் பண்ணிப் பாருங்க, தலைவலி, வயித்துவலிக் கட்டுரையெல்லாம் வந்து நிக்கும்.

நிரலில் ஒரு மாறிக்கு இத்தனை பேர் வெச்சிருந்தா கோடு ரிவ்யூவில் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அறிவியலில் அப்படி முடியாது. ஒவ்வொரு பேரும் ஒரு காலத்தில் ஒரு துறைக்காரர் வெச்சது, அந்தக் காலத்துக் கட்டுரைகள் அதே பேரோடதான் இருக்கும்.

பப்மெட்: நல்ல நூலகர், ஆனா வாய் திறக்க மாட்டார்

பப்மெட் 1997இல் பொதுமக்களுக்கு இலவசமாத் திறக்கப்பட்டது. இன்னைக்கு 3.5 கோடிக்கும் மேல கட்டுரைக் குறிப்புகள் இருக்கு. இதோட பலம் 'மெஷ்' என்கிற கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல். நீங்க சூடோகோலினெஸ்டெரேஸ்னு டைப் பண்ணினா, அது பியூட்டைரில்கோலினெஸ்டெரேஸோட இன்னொரு பேர்னு பப்மெட்டுக்குத் தெரியும். சத்தமில்லாம உங்க கேள்வியை விரிச்சு எழுதிக்கும்.

இங்கதான் நான் வழுக்கினேன். எங்க தொழில் பழக்கம், எதைத் தேடினாலும் மேற்கோள் குறிக்குள்ள போடறது. பப்மெட்டில் மேற்கோள் குறி போட்டா அந்த விரிவாக்கம் நின்னுடும். துல்லியமாத் தேடறதா நினைச்சுக்கிட்டு, நூலகரை வெளியே அனுப்பிட்டேன். முதல் ராத்திரியில் பாதி இப்படியே போச்சு. 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குள்ள போனா, உங்க கேள்வியை அது எப்படி மொழிபெயர்த்துக்கிட்டதுன்னு காட்டும். அவ்வளவு முக்கியமான விஷயத்தை முதல் பக்கத்திலேயே காட்டியிருக்கணும். இது என்னோட முதல் புகார்.

ரெண்டாவது புகார் இன்னும் பெருசு. பப்மெட் கட்டுரை முழுசையும் தேடாது. தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் இவ்வளவுதான். மெட்லைனில் சுருக்கங்கள் சேர ஆரம்பிச்சதே 1975 வாக்கில். அதுக்கு முந்தின கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் தலைப்பும் குறிச்சொல்லும்தான். ஆனா இந்த என்சைம் குறைபாடு பரம்பரையா வருதுன்னு டொரன்டோவில் வெர்னர் கேலோ கண்டுபிடிச்சதும், அதைக் கண்டறிய டிபுகெய்ன் சோதனையைக் கொண்டுவந்ததும் 1950களில். அடிப்படை வேலையெல்லாம் எந்தக் காலத்தில் நடந்ததோ அந்தக் காலத்துக்குத்தான் தேடுபெட்டிக்குக் கண்ணு மங்கல். அந்தக் காலத்தில் இதை 'சைலன்ட் ஜீன்'னும் சொல்லியிருக்காங்க. குறைபாடுன்னு தேடறவனுக்கு 'சைலன்ட்' எப்படிக் கிடைக்கும்?

இன்னொண்ணு. 2022 முதல் மெஷ் குறிச்சொல் ஒட்டற வேலையைத் தானியங்கி மென்பொருள்தான் செய்யுது. தினமும் வர்ற கட்டுரைக் குவியலுக்கு வேற வழி இல்லை, சரி. ஆனா குறிச்சொல் ஒட்டியிருக்குன்னா ஒரு மனுஷன் படிச்சுப் பாத்திருக்கார்னு இனிமே நினைச்சுக்கக் கூடாது.

ஸ்காலரும் சாட்பாட்டும்

கூகுள் ஸ்காலர் முழுக் கட்டுரைக்குள்ளும் தேடும். அட்டவணைக்குள்ள புதைஞ்சு கிடக்கற பேர்கூட சில சமயம் மாட்டும். ஆனா அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது மேல ஏறும். நமக்கு வேண்டியது ஒரு சின்ன ஊரைப் பத்தின, யாரும் அதிகம் கவனிக்காத கட்டுரையா இருந்தா அது அடியில் கிடக்கும். எத்தனை ஆயிரம் கிடைச்சதுன்னு சொன்னாலும் முதல் 1000தான் காட்டும்.

ஒரு சாட்பாட்டையும் கேட்டேன். என்சைம் பேர்களையெல்லாம் நொடியில் பட்டியல் போட்டுச்சு. அது உண்மையிலேயே உதவி. அப்புறம் கட்டுரைத் தலைப்பும் பப்மெட் எண்ணும் கொடுத்துச்சு. எண்ணைப் போட்டுப் பாத்தா சம்பந்தமே இல்லாத வேற கட்டுரை. பேர் கேக்கலாம், சான்று கேக்கக் கூடாது. நான் வெச்சுக்கிட்ட விதி இது.

307ஆ, 335ஆ?

இனி அந்தச் சின்ன ஊர் விஷயம். நண்பன் குடும்பம் ஆரிய வைசியச் சமூகம். இந்தக் குறைபாடு அந்தச் சமூகத்தில் மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம்னு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கு. பல தலைமுறையா உள்ளுக்குள்ளேயே கல்யாணம் நடக்கற எந்தக் குழுவிலும் இப்படி ஏதாவது ஒண்ணு தங்கும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எந்த மாற்றம் காரணம்னு சொன்ன 2006ஆம் ஆண்டுக் கட்டுரை கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகக்காரங்களும் அமெரிக்க, ஜெர்மன் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதினது. நம்ம ஊர் வேலை! ஆனா அதைக் கண்டுபிடிக்க 'வைசியா'வை ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்துக்கூட்டலில் எல்லாம் எழுதுவாங்கன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்க வேண்டியிருந்தது. அதுக்கு எந்தச் சொற்பட்டியலும் உதவலை.

கட்டுரை சொல்றது: என்சைமோட 307ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின். சரின்னு க்ளின்வாருக்குப் போனேன். மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா இல்லையான்னு ஆய்வகங்கள் பதிவு பண்ற இடம் அது. எத்தனை நட்சத்திரம் இருக்குன்னு பாத்தா அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரிபார்க்கப்பட்டதுன்னு தெரியும், நல்ல ஏற்பாடு. அங்க 307இல் நான் தேடின மாற்றம் இல்லை. 335இல் அதே லூசின், அதே புரோலின். கட்டுரை தப்பா? தரவுத்தளம் தப்பா? இல்லை, ரெண்டும் வேற வேறயா? அடுத்த ராத்திரி இதிலேயே போச்சு.

விடை யூனிப்ராட்டில் இருந்தது. மனுஷ பியூட்டைரில்கோலினெஸ்டெரேஸ் பக்கத்தில் ஒரு சின்ன வரி: 1 முதல் 28 வரை சிக்னல் பெப்டைட். செல்லுக்குள்ள உருவாகும்போது இந்தப் புரதம் 602 அமினோ அமிலம் நீளம். வெளியே அனுப்பும்போது முன்னாடி இருக்கற 28ஐ செல் வெட்டிடும். ரத்தத்தில் ஓடறது மிச்ச 574. 1987இல் இதோட வரிசையை முதலில் முழுசாப் படிச்சவங்க ரத்தத்திலிருந்து பிரிச்ச புரதத்தைப் படிச்சாங்க, அதனால வெட்டின பிறகு எண்ண ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஜீனிலிருந்து எண்ணறாங்க. 307 + 28 = 335. எங்க பாஷையில் இது ஒரு ஆஃப்செட், அவ்வளவுதான்.

இது இந்த ஒரு ஜீனோட கதை இல்லை. பள்ளிப் புத்தகத்தில் வர்ற அரிவாள் செல் சோகையையே எடுத்துக்கோங்க. 6ஆவது இடத்தில் மாற்றம்னு படிச்சிருப்போம். இன்றைய விதிப்படி முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணணும், அதனால 7. ஒரு எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தேடறவங்க இலக்கியத்தில் பாதியை இழப்பாங்க. அரை நூற்றாண்டு வேலை ஒரு பக்கமும் புது ஜீன் ரிப்போர்ட் மறுபக்கமும் நின்னு, ஒண்ணையொண்ணு அடையாளம் தெரியாம முழிக்கும்.

அப்போ எங்க ஆரம்பிக்கறது?

என் தீர்ப்பு இதுதான்: கட்டுரையைத் தேடறதுக்கு முன்னாடி பேரைத் தேடுங்க. அதுக்குச் சரியான இடம் யூனிப்ராட், அதிலும் ஸ்விஸ்-ப்ராட் பகுதி. 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் தொடங்கினது; ஆளுங்க கட்டுரை படிச்சுக் கையால் எழுதற பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் மாற்றுப் பெயர்கள், பழைய ஜீன் சுருக்கங்கள், எங்கிருந்து எண்ணறாங்க என்பது, எந்தத் தகவலுக்கு எந்தக் கட்டுரை சான்று என்பது எல்லாம் ஒரே பக்கத்தில். ஆனா அங்கேயும் கவனம் வேணும். கையால் எழுதினது சுமார் 5.7 லட்சம் பதிவுதான். மென்பொருள் தானா எழுதின ட்ரெம்பில் பதிவுகள் கோடிக்கணக்கில். ரெண்டும் ஒரே மாதிரிப் பக்கத்தில் வரும். 'ரிவ்யூடு'ன்னு இருக்கான்னு பாத்துக்கோங்க.

அடுத்தது ஓமிம். விக்டர் மெக்குசிக் 1966இல் புத்தகமாத் தொடங்கினது. கட்டுரை நடையில் எழுதியிருக்கறதால பழைய பேர்களும் அவை எப்படி மாறின என்பதும் கதை மாதிரிக் கிடைக்கும். இந்த ரெண்டு பக்கத்திலிருந்தும் பேர்ப்பட்டியல் தயாரிச்சுட்டு, அப்புறம் பப்மெட்டுக்குப் போங்க. மேற்கோள் குறி இல்லாம.

மாமா

நான் தயாரிச்ச ஒரு பக்கத்தை நண்பன் மயக்க மருந்து டாக்டர்கிட்ட கொடுத்தான். அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. அம்மாவோட சீட்டைப் பாத்ததுமே, ரிசல்ட் எப்படி வந்தாலும் மாமாவுக்கு ஸ்கோலின் கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. இதே என்சைமால் உடையற மிவாகுரியம் என்கிற இன்னொரு மருந்தும் வேண்டாம்னாங்க. உடன்பிறந்தவங்களுக்கு 4இல் 1 பங்கு வாய்ப்பு இருக்கு, அதனால ரத்தப் பரிசோதனையும் எடுத்துடலாம்னாங்க. அதாவது மாமாவோட உயிருக்கு என் ரெண்டு ராத்திரி தேவைப்படலை. இதை ஒத்துக்கறதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனா அந்தப் பக்கம் வேற ஒரு இடத்தில் வேலை செஞ்சது. டாக்டர் சீட்டில் 'பியூட்டைரில்கோலினெஸ்டெரேஸ்'னு எழுதியிருந்தது. லேப் கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் தேடிட்டு, "அப்படி ஒரு டெஸ்ட் எங்ககிட்ட இல்லீங்க, வெளியூருக்குத்தான் அனுப்பணும்"னு சொல்லிட்டான். நண்பன் என் பக்கத்தைப் பிரிச்சு, இருந்த பேர்களை ஒவ்வொண்ணாப் படிச்சிருக்கான். மூணாவது பேர் சீரம் கோலினெஸ்டெரேஸ். "அட, இதா? பூச்சிமருந்து குடிச்சவங்களுக்கு எடுக்கறதுங்க. நேத்துகூட ரெண்டு எடுத்தோம்"னு சொல்லிட்டு, மாமாவை உள்ளே கூப்பிட்டான்.

ரிசல்ட் சாயங்காலமே வந்துடுச்சு. ரொம்பக் குறைவு. அன்னைக்கே அதோட ஒரு பிரதியையும் என் பேர்ப்பட்டியலையும் சேர்த்து, அம்மா ஃபைலில் ஒண்ணும் மாமா ஃபைலில் ஒண்ணும் நண்பன் பின் பண்ணி வெச்சுட்டான். 307, 335 ரெண்டும் அதில் இருக்கு.