ஆணையும் பனிக்கட்டியும்: 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி' பற்றி ஒரு நோக்கு

துன்பத்தைக் கூறும் நூல்கள் யாவும் துன்பக் காலத்திலேயே எழுந்தவை என நாம் கருதிவிடுகிறோம். மெனோனைட் கிறித்தவர்கள் திருமறைக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றிவந்த 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி' என்னும் டச்சு நூல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. 1660 ஆம் ஆண்டில் அதனைத் தொகுத்து வெளியிட்டவர் டார்ட்ரெக்ட் நகரின் சபை மூப்பர் தீலமான் வான் பிராக்ட். அந்நாளில் ஹாலந்து வளங்கொழித்த நாடு. மெனோனைட்டுகளிலும் வணிகச் செல்வர் பலர் இருந்தனர். அவர்களை எரிப்பதும் ஆற்றில் அமிழ்த்துவதும் அங்கே ஓய்ந்து பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. பின்னர் ஏன் இத்துணைக் குருதியை ஏட்டில் வடிக்கவேண்டும்? கொடுங்கோலினும் செல்வமே நம்பிக்கைக்குப் பெரும்பகை என்று வான் பிராக்ட் முன்னுரையில் அஞ்சுகிறார். அவ்வச்சத்தை மனத்திற்கொண்டே நூலுக்குள் புகுதல் வேண்டும்.

1525 இல் சூரிக் நகரில் சிலர், அறிவு முதிர்ந்த பருவத்தில் மீண்டும் திருமுழுக்குப் பெற்றனர். இன்று நோக்கினால் இது சடங்கு பற்றிய சிறு பூசலாகத் தோன்றும். ஆயின், பிறந்த குழந்தைக்கு அளிக்கும் திருமுழுக்கே சமயத்தையும் அரசையும் ஒன்றாகப் பிணைத்த கயிறாக அக்காலத்தில் இருந்தது. அதனை அறுத்தவர்களைக் கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த அரசுகளும் வேறுபாடின்றி ஒறுத்தன. இவ்வியக்கத்தாரும் பிழை செய்யாதவர் அல்லர். 1534 இல் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றி வாளாட்சி நடத்தியவரும் இவருள் ஒரு சாராரே. மறு ஆண்டு அந்நகர் அழிந்தது. 1536 இல் குருப்பதவியைத் துறந்து வந்த மென்னோ சைமன்ஸ், சிதறியோரை வாளேந்தா நெறியில் திரட்டினார். வாளேந்துவதில்லை, ஆணையிடுவதில்லை என்னும் இரண்டும் அவர்தம் அடையாளங்கள் ஆயின.

நூலின் முதற்பகுதி திறனாய்வாளனைச் சோர்வடையச் செய்வது. இயேசுவின் காலம் முதல் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தம் முன்னோரைத் தேடிச் செல்லும் வான் பிராக்ட், தம் கொள்கையினர் அல்லாதாரையும் தம்மவராக்கிக் கொள்கிறார். தொன்மையை நிலைநாட்டும் வேட்கை அவரை அவ்வாறு இழுக்கிறது. அவ்வேட்கை நமக்கும் புதியதன்று! பதினாறாம் நூற்றாண்டுக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. வழக்குமன்றப் பதிவுகளும் சிறை மடல்களும் பேசத் தொடங்குகின்றன.

ஆஸ்பெரன் ஊரினரான டிர்க் வில்லெம்ஸ் 1569 இல் எரிக்கப்பட்டவர். தம்மைத் துரத்திய காவலாளுக்கு முன்னே உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடி அவர் கரை சேர்ந்துவிட்டார். பின்தொடர்ந்தவனோ பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்ந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். கதை இத்துடன் முடிவதாகவே பலரும் எடுத்துரைப்பர். என் கருத்தில் நூலின் உயிர் இதற்கு அடுத்த வரியில் உளது. காவலாள் அவரை விட்டுவிட விரும்பினான். நகரத் தலைவரோ, ஆணையை நினைவிற்கொள் என்று அவனை அதட்டினார். உயிர் தந்தவரையே அவன் பற்றிச்செல்ல நேர்ந்தது. ஆணையிட மறுப்பது ஏன் என்பதற்கு மெனோனைட்டுகள் எழுதிய விளக்கங்கள் பல. அவற்றுள் எதுவும் இவ்வொரு நிகழ்ச்சிக்கு ஈடாகாது. நல்ல மனமும் ஓர் அரசின் கையில் எவ்வாறு கட்டுண்டு போகிறது என்பதை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

தமிழ் மாணவர்க்கு இங்கே மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருவார். தம்மைக் குத்திய முத்தநாதனுக்குத் தீங்கு நேராவண்ணம் தத்தனை வழித்துணையாக்கி அனுப்பியவர் அவர். ஆயின் வேறுபாடு பெரிது. சேக்கிழாரின் காப்பியத்தில் இறுதியில் இறைவன் காட்சி தருகிறான். வான் பிராக்டிடம் காட்சி ஏதுமில்லை. கீழைக்காற்று வலிதாய் வீசியதால் தீ மேலுடலைப் பற்றாது போயிற்று, சாவு நீண்டது, அலறல் அடுத்த ஊரான லேர்டாம் வரை கேட்டது என்று மட்டும் அவர் எழுதுகிறார். ஆறுதல் எதனையும் அவர் புனைந்து சேர்க்கவில்லை. நம்பிக்கை நூல் என்று இதனை ஏற்பதற்கு அந்நேர்மையே எனக்குக் காரணம். 1685 ஆம் ஆண்டுப் பதிப்புக்குச் செப்புத்தகட்டுப் படங்கள் வரைந்த யான் லைக்கனும் இங்கே தீயை விடுத்தார். பனிக்கட்டியின்மேல் நீளும் இரு கைகளையே வரைந்தார்.

போர் நெருங்கும்போதெல்லாம் இந்நூலை அம்மக்கள் தேடியுள்ளனர். பென்சில்வேனியாவில் குடியேறியோர், போர் மூண்டால் தம் இளைஞர் வாளேந்தக்கூடும் என்று அஞ்சி அதனை ஜெர்மானிய மொழியில் வேண்டினர். எஃப்ராட்டா மடத்தில் பதினைவர் மூன்று ஆண்டுகள் உழைக்க, 1748 இல் 1,500 பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல் உருவாயிற்று. பின்னர் அமெரிக்க விடுதலைப் போரின்போது, கட்டப்படாது கிடந்த தாள்களைப் படையினர் துப்பாக்கி மருந்துச் சுருளுக்காக அள்ளிச் சென்றனர். வாளை மறுத்த நூலுக்கு நேர்ந்த கதி அது. நூலைப் போற்றுவோர் எல்லாரும் அதன்படி நின்றனர் என்பதும் இல்லை. 1918–19 இல் உக்ரைன் நாட்டு மெனோனைட் இளைஞர் சிலர் கொள்ளைக் கூட்டங்களுக்கு அஞ்சித் துப்பாக்கி ஏந்தினர். அவர்களைப் பழிப்பது எளிது; அவ்விரவுகளை நாம் கண்டதில்லை.

ஆசிரியர்கள் ஒரு பகுதியை மட்டும் வகுப்பில் எடுத்துரைக்க விழைந்தால், டிர்க்கின் கதையை விடவும் 1573 இல் ஆன்ட்வெர்ப் சிறையிலிருந்து யான்னெக்கன் முன்ஸ்டார்ப் எழுதிய மடலையே நான் பரிந்துரைப்பேன். கணவர் முன்னரே எரிக்கப்பட்டார். சிறையில் பிறந்த பெண்குழந்தைக்கு வயது ஒரு திங்கள். அக்குழந்தைக்கே தாய் எழுதுகிறாள். பெற்றோரை நினைந்து வெட்கப்படவேண்டா என்கிறாள். நினைவுக்கென ஒரு பொற்காசையும் விட்டுச்செல்கிறாள். எழுதப்படிக்க அறியாத மகவு ஒருநாள் எழுத்தறியும், அந்நாளில் மடலைப் பிரித்துப் படிக்க அதற்கு ஓரிடம் இருக்கும், யாரேனும் ஒருவர் அதுவரை மடலைக் காத்து வைத்திருப்பர் என்பன எல்லாம் அத்தாய்க்கு ஐயமின்றித் தெரிந்தவைபோலவே அம்மடல் எழுதப்பட்டுள்ளது.