கேபிளா, டிஷ்ஷா?

1982இல் இலங்கை ரூபவாகினி தொடங்கியபின், தூத்துக்குடிக் கரையோரத்தில் உயரக் கம்பம் நட்டு அதைப் பார்த்தவர் பலர். சென்னை ஒளிபரப்பு அங்கே எட்டவில்லை. புள்ளிகள் பொழியும் படம்தான், இருந்தாலும் படம்!

இன்று புன்னைக்காயல் வீடுகளில் கேள்வி வேறு. டிஷ் படமே துல்லியம் என்னும் விளம்பரத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கேபிள்காரரும் செயற்கைக்கோளிலிருந்தே சேனல்களைப் பெறுகிறார். இரண்டிலும் படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அளவுக்குமீறிச் சுருக்கினால் கிரிக்கெட் பந்து கட்டங்கட்டமாகச் சிதறும். அது கம்பியின் குற்றமன்று.

ஐப்பசி மழையில்தான் வேற்றுமை தெரியும். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. கேபிள் நிலையத்தின் பெரிய டிஷ் பெரும்பாலும் ஏற்பது 4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை. அவற்றுக்கு இத்தொல்லை மிகக் குறைவு. பழைய ஆன்டெனாவில் படம் மெல்ல மங்கும். டிஜிட்டலிலோ உறைந்து, சட்டென மறையும்.