மோசமான விமானப் படங்கள்

கதையின் முக்கிய முடிச்சு பறத்தலோடு பிணைந்திருக்கும் திரைப்படங்களையே இங்கு விமானப் படங்கள் என்கிறோம். நாயகியை வழியனுப்ப நாயகன் விமான நிலையத்துக்கு ஓடிவரும் படங்கள் இதில் சேரா. இவ்வகை மிகப் பழையது. முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘விங்ஸ்’ (1927) முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றியது. அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் அப்போரில் விமானியாக இருந்தவர்.

இப்படங்களைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் பிழைப் பட்டியலாகவே எழுதப்படுகிறது. இந்த விமானத்தில் அந்தப் பொத்தான் கிடையாது, அந்த ஆண்டில் அந்த ரகம் தயாரிக்கப்படவே இல்லை என்று விமானம் அறிந்தவர்கள் எண்ணிச் சொல்வார்கள். பட்டியல் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு படம் ஏன் மோசம் என்பதை அது விளக்குவதில்லை. பிழைகள் நிறைந்த நல்ல விமானப் படங்கள் உண்டு. பறத்தல் என்பது எடை, எரிபொருள், உயரம், நேரம் ஆகிய நான்கு கணக்குகளுக்குள் நடக்கும் செயல். இந்தக் கணக்கைக் கைவிடும் படத்தில் பார்வையாளருக்குப் பயப்பட எதுவும் மிஞ்சாது. மோசமான விமானப் படங்களின் அடிப்படைக் குறை இதுவே.

இதற்கு முழுமையான எடுத்துக்காட்டு ‘தி கான்கார்ட்... ஏர்போர்ட் 79’ (1979). ஆர்தர் ஹெய்லியின் நாவலிலிருந்து 1970-ல் எடுக்கப்பட்ட ‘ஏர்போர்ட்’ பெருவெற்றி பெற்று, அதைத் தொடர்ந்து வந்த வரிசையில் இது நான்காவதும் கடைசியுமான படம். இடையில் வந்த இரண்டில் ஒன்றில், மோதலில் உடைந்த ஜம்போ ஜெட்டின் விமானி அறைக்குள் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கயிற்றில் இறக்கினார்கள். மற்றொன்றில் ஜம்போ ஜெட்டைக் கடலுக்கடியில் மூழ்கடித்தார்கள். நான்காம் படத்துக்கு மிஞ்சியது கான்கார்ட். ஓர் ஆயுத வணிகர் தன் குற்றத்துக்கான ஆதாரத்தை அழிப்பதற்காக அந்த விமானத்தின் மீது ஏவுகணைகளை ஏவச் செய்கிறார். விமானிகள் பயணிகளோடு அதைத் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையைத் திசை திருப்ப, ஜார்ஜ் கென்னடி நடித்த விமானி பக்கச் சன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் சுடுகிறார். பேருந்து நடத்துநர் கையை நீட்டிச் சைகை காட்டுவதைப் போல அத்தனை இயல்பாக!

இங்கே குறை அந்தச் சன்னல் அல்ல. கொஞ்ச நேரத்தில் விமானம் பாரிஸில் இறங்குகிறது, பயணிகள் ஓய்வெடுக்கிறார்கள், மறுநாள் மாஸ்கோ செல்ல அதே விமானத்தில் ஏறுகிறார்கள். நேற்று தங்களைக் கொல்ல ஏவுகணை வந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாத்திரங்களே அஞ்சாத ஆபத்துக்கு நாம் எதற்கு அஞ்ச வேண்டும்?

உண்மையான கான்கார்டோ தன் எல்லைகளால் ஆன விமானம். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும்போது காற்றின் உராய்வில் அதன் மூக்கு நுனி 127 பாகை செல்சியஸ் வரை சூடாகும், உடல் பல அங்குலம் நீளும். வேகம் கூடும்போது விமானத்தின் சமநிலை மாறுவதால், ஒரு தொட்டியிலிருந்து பின்னால் உள்ள தொட்டிக்கு எரிபொருளை ஏற்றி எடையைச் சரிசெய்ய வேண்டும். வேகம் குறையும்போது அதை மீண்டும் முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த எரிபொருளை முன்னால் கொண்டுவர முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியில் ஒரு படம் எடுத்திருக்கலாம். படப்பிடிப்பில் பறந்த விமானங்களில் ஒன்று எஃப்-பிடிஎஸ்சி என்ற பதிவெண் கொண்டது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே தீப்பிடித்து விழுந்து 113 பேரின் உயிரைப் பறித்தது அதே விமானம்தான். அதை அறிந்தபின் அந்தச் சன்னல் காட்சியைப் பார்த்துச் சிரிப்பதும் சற்றுக் கடினமாகிவிடுகிறது.

அடுத்த ஆண்டே ‘ஏர்பிளேன்!’ (1980) என்ற நையாண்டிப் படம் வந்தது. ‘ஜீரோ ஹவர்!’ (1957) என்ற பழைய படத்தின் உரிமையை வாங்கி, அதன் கதையையும் பல வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு எடுக்கப்பட்டது அது. உணவு நஞ்சாகி விமானிகள் மயங்குகிறார்கள், போரில் மனம் உடைந்த ஒரு முன்னாள் விமானி இறக்கியாக வேண்டும். அந்தப் பழைய படத்தின் எழுத்தாளர்களில் ஒருவர் அதே ஆர்தர் ஹெய்லி. ஏர்போர்ட் வரிசைக்கும் அதைக் கேலி செய்த படத்துக்கும் மூலவர் ஒருவரே என்பது ஒரு வேடிக்கை. நையாண்டிப் படத்திலும்கூட, விமானத்தைத் தரையில் இறக்கியாக வேண்டும் என்ற நெருக்கடி கடைசிவரை கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே கதை நன்றாகவும் மோசமாகவும் எடுக்கப்பட்டதைப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ‘தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ (1965), அதன் மறு ஆக்கமான ‘ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ (2004) ஆகிய இரண்டையும் பரிந்துரைக்கலாம். பாலைவனத்தில் விழுந்து நொறுங்கிய சரக்கு விமானத்தின் மிச்சத்திலிருந்து ஒரு சிறு விமானத்தைக் கட்டித் தப்பிக்க முயலும் சிலரின் கதை. ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய முதல் படத்தில் விமானியாக நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இரண்டாம் உலகப் போரில் உண்மையாகவே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர்.

அந்தப் படத்தின் உச்சக்கட்டம் தரையிலேயே நடக்கிறது. என்ஜினை முடுக்க வெடிமருந்துத் தோட்டா வேண்டும். இருப்பதோ ஏழு. ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள், சுழல் விசிறி அசைந்து நின்றுவிடுகிறது. எண்ணிக்கை குறைகிறது. அப்போது விமானி, உருளைகளைச் சுத்தம் செய்வதற்காக ஒரு தோட்டாவை வேண்டுமென்றே வீணாக்க முடிவு செய்கிறார். விமானத்தை வடிவமைத்த இளைஞன் வெறிபிடித்தவன்போல் கத்துகிறான். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஓர் எண் குறைவதைப் பார்த்து நாம் நாற்காலியின் நுனிக்கு வருகிறோம். தோட்டாவை வீணாக்குவதா கூடாதா என்பதில் அனுபவம், படிப்பு, கர்வம் எல்லாம் மோதுகின்றன.

மறு ஆக்கத்தில் களம் கோபிப் பாலைவனம். கட்டி முடித்த விமானம் பறப்பதற்குள் ஆயுதம் ஏந்திய கொள்ளையர் கூட்டம் துரத்தி வருகிறது. இயற்பியலும் தாகமும் போதிய எதிரிகள் அல்ல என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருக்க வேண்டும். விமானம் ஓடத் தொடங்கும்போது நம் கண் அதன் இறக்கையில் இல்லை, துரத்துபவர்களில் இருக்கிறது. இந்தப் பசையும் கம்பியும் பறக்குமா என்ற ஒரே கேள்விக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அது கேட்கப்படாமலே போகிறது.

பிழை வேறு, குறை வேறு என்பதற்கு ‘ஃப்ளைட்’ (2012) சான்று. டென்சல் வாஷிங்டன் நடித்த விமானி, வால் பகுதி பழுதாகி வீழும் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிச் சிறிது தூரம் ஓட்டி வயலில் இறக்குகிறார். உண்மையில் இது நடக்காது என்றே சொல்ல வேண்டும். 2000-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், வால் இறக்கையை அசைக்கும் திருகுத் தண்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்து உடைந்தது. விமானிகள் தலைகீழாகவும் பறக்க முயன்றும் 88 பேரும் இறந்தார்கள். ஆயினும் படம் நிற்கிறது. ஏனெனில் அந்தச் சாகசத்துக்கு விலை கேட்கப்படுகிறது. ஆறு பேர் இறக்கிறார்கள். விமானி குடித்திருந்தான். 96 பேரைக் காப்பாற்றியவனே சிறைக்குப் போக வேண்டியவன் என்ற சிக்கலைப் படம் கடைசிவரை சுமக்கிறது. கான்கார்டும் புரண்டது, இதுவும் புரண்டது. வேறுபாடு புரண்டபின் நடப்பதில் இருக்கிறது.

மைக்கேல் பேயின் ‘பேர்ல் ஹார்பர்’ (2001) இன்னொரு வகை. 1942 ஏப்ரலில் டூலிட்டில் தலைமையில் 16 குண்டுவீச்சு விமானங்கள் ஒரு கப்பலின் தளத்திலிருந்து எழும்பி ஜப்பானைத் தாக்கின. ஜப்பானியக் காவல் படகு ஒன்று கப்பலைப் பார்த்துவிட்டதால், திட்டமிட்டதைவிடத் தொலைவிலிருந்தே கிளம்ப வேண்டியதாயிற்று. எரிபொருள் எங்கே தீரும் என்று தெரிந்தே கிளம்பினார்கள். இதைவிடப் பெரிய நாடகம் விமான வரலாற்றில் குறைவு. 1944-ல் வந்த ‘தர்ட்டி செகண்ட்ஸ் ஓவர் டோக்கியோ’ இந்த ஒன்றையே கதையாக்கிப் பொறுமையாகச் சொன்னது. பேயின் படத்தில் இது மூன்று மணி நேரக் காதல் முக்கோணத்தின் வால். போர் விமானிகளான இரு நண்பர்கள் திடீரெனக் குண்டுவீச்சு விமானிகளாகிறார்கள். எரிபொருள் தீர்ந்து விமானங்கள் சீனாவில் விழுவதன் பயன், ஒரு நண்பன் இறந்து முக்கோணம் நேர்கோடாவது மட்டுமே.

‘ஸ்டெல்த்’ (2005) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் தாக்கியதால் சொந்த புத்தி பெற்ற ஆளில்லாப் போர் விமானம் என்பதே கதை. மனித உடல் தாங்கும் விசைக்கு எல்லை உண்டு, இயந்திரத்துக்கு அந்த எல்லை இல்லை என்ற நல்ல கரு கையில் இருந்தும் வெடிப்புகளிலேயே செலவழித்துவிட்டார்கள்.

தரமான படமும் இதே இடத்தில் சறுக்கும். ஈஸ்ட்வுட்டின் ‘சல்லி’ (2016), 2009-ல் பறவைகள் மோதி இரு என்ஜின்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரும் பிழைத்ததைச் சொல்கிறது. அந்தச் சில நிமிடங்கள் மிகச் சிறப்பாக எடுக்கப்பட்டவை. ஆனால் படத்துக்கு வில்லன் வேண்டியிருந்தது. விபத்து விசாரணை அதிகாரிகளை விமானியைக் குற்றவாளியாக்கத் துடிப்பவர்களாகக் காட்டினார்கள். உண்மையான அறிக்கை ஆற்றில் இறக்கிய முடிவை ஏற்றுக்கொண்டது. திரைக்கதையிலிருந்து அதிகாரிகளின் உண்மைப் பெயர்களை நீக்கச் சொன்னவர் சல்லன்பெர்கரே. ஃபீனிக்ஸின் கொள்ளையர் இங்கே கோட்டு அணிந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள்.

மீரா நாயரின் ‘அமீலியா’ (2009) எதிர்த்திசையில் தவறுகிறது. இதில் மிகை இல்லை, அழகு மட்டுமே உண்டு. அமீலியா ஏர்ஹார்ட்டாக ஹிலரி ஸ்வாங்க் மேகங்களுக்கு மேலே புன்னகைக்கிறார், கீழே நிலங்கள் அஞ்சலட்டைகள்போல் நகர்கின்றன. பறப்பது எவ்வளவு சத்தமானது, எவ்வளவு களைப்பூட்டுவது என்பது படத்தில் இல்லை. 1937 ஜூலை 2 அன்று ஹவ்லண்ட் என்ற சிறு தீவைத் தேடி வரும் கடைசிக் காட்சிகளில்தான் படம் விழித்துக்கொள்கிறது. அவர் குரல் கீழே நிற்கும் கப்பலில் தெளிவாகக் கேட்கிறது. கப்பலின் குரல் அவரை எட்டவில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. தீவைக் காணோம். இப்போதுதான் நாம் முதன்முறையாக அந்த விமானத்துக்குள் அமர்ந்திருக்கிறோம், படம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கின்றன.