விளக்குக் கதைக்கு அப்பால்

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லி அமர்ந்துவிடுகின்றனர். அரசு அலுவலுக்குப் பைத்துல்மாலின் விளக்கு, சொந்தப் பேச்சுக்கு வீட்டு விளக்கு என்பதே அது. கேட்போர் ‘சுப்ஹானல்லாஹ்’ என்பர், மஜ்லிஸ் கலையும். அச்சிறு விளக்கு பெரிய செய்திகள் பலவற்றை மறைத்து நிற்கிறது என்பதே என் குறை.

ஹிஜ்ரி 214-இல் மறைந்த எகிப்திய மாலிகி அறிஞர் அப்துல்லாஹ் இப்னு அப்தில் ஹகம், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அவர்தம் தோழர்களும் அறிவித்தவற்றைத் திரட்டி இக்கலீஃபாவின் சரிதையை யாத்துள்ளார். அதனையும் தபரீ முதலானோரின் வரலாறுகளையும் ஒருசேர ஓதுவோர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும்.

ஹிஜ்ரி 99-இல் (717) பதவியேற்ற அவர்கள், முதலில் தொட்டது தம் வீட்டை. தம் கைக்கு வந்திருந்த ஃபதக் நிலத்தைத் தம் உடைமையிலிருந்து நீக்கினார்கள். கலீஃபா அப்துல் மலிக்கின் மகளான துணைவியார் ஃபாத்திமா அம்மையாரிடம், தந்தை தந்த நகை வேண்டுமா, தாம் வேண்டுமா என வினவினார்கள். நகை பைத்துல்மாலுக்குச் சென்றது.

பிறகே நாட்டைத் தொட்டார்கள். ஜும்ஆ குத்பாவில் அலீ (ரலி) அவர்களை ஏசும் வழக்கத்தை நிறுத்தி, நீதியையும் நன்மையையும் ஏவும் இறைவசனத்தை (16:90) அவ்விடத்தில் அமர்த்தினார்கள். இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் குராஸான் மக்களிடம் ஜிஸ்யா வாங்குவதைத் தடுத்தார்கள். குதைபாவின் படை வஞ்சகமாக நகருள் புகுந்தது என ஸமர்கந்து மக்கள் முறையிட்டபோது, ஒரு காழியை அமர்த்தி விசாரிக்கச் செய்தார்கள். வென்ற படைக்கு எதிராகவே காழி தீர்ப்பளித்தார். படை வெளியேற வேண்டும். பின்னர் புதிய உடன்படிக்கையோ போரோ முடிவு செய்யட்டும் என்றார். மீண்டும் போரை விரும்பாத மக்கள், இருந்த நிலையே போதும் என இசைந்தனர். தோற்றோர் முறையிட, வென்றோர் கட்டுப்பட வேண்டிய தீர்ப்பு பிறந்தது என்பதே இங்குப் பெரிது.

ஆயின் சரிதை நூலிலும் ஒரு குறை உண்டு. சிறப்பை நிலைநாட்ட எழுந்த அந்நூல், இத்தொடக்கம் ஏன் நிலைக்கவில்லை என்னும் வினாவை முன்னிறுத்தவில்லை. ஹிஜ்ரி 101-இல் (720) அவர்கள் மறைந்தார்கள். மறு ஆண்டே, முஸ்லிமான பர்பர் மக்கள் மீது பழைய வரியைச் சுமத்த முயன்ற ஆப்பிரிக்க ஆளுநர் கொல்லப்பட்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு நடந்த நல்லாட்சி ஒருவரின் தக்வாவைச் சார்ந்திருந்தது. அடுத்து வருபவரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் அதற்கு வாய்க்கவில்லை. நல்லவர் ஒருவர் வந்தால் போதும் எனக் காத்திருப்போர்க்கு இது கசப்பான பாடம்.

எனினும் ஒன்று நிலைத்தது. கணவர் மறைந்தபின் ஆட்சிக்கு வந்த சகோதரர் யஸீத் அந்நகையைத் திருப்பித் தர முன்வந்தார். ஃபாத்திமா அம்மையார் மறுத்துவிட்டார்கள். கணவர் உயிரோடிருக்கையில் விட்டதை, அவர் மறைந்தபின் எடுக்க அவர்களுக்கு மனமில்லை. அரச ஆணைகள் மாறின. அம்மையாரின் சொல் மாறவில்லை.

மேடையில் விளக்குக் கதையை உருக்கமாகச் சொல்லும் நம்மிற் சிலர் வீட்டில், உடன்பிறந்தாளுக்குரிய வாரிசுப் பங்கு பத்திரமாய்ப் பெட்டியில் உறங்குகிறது. புதிய தொடக்கத்தை நாட்டுக்கு வேண்டும் நாம், அப்பெட்டியை முதலில் திறப்போமாக. அதற்கு எந்த விளக்கின் வெளிச்சமும் போதும்.