மறையாத கை

சித்திரக் கதைகளைக் குறித்து இலக்கிய ஏடொன்றில் எழுத முற்படுவதே சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். அக்கதைகளை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சிந்தனைக்கு அருகில் வைத்துப் பேசுவதோ, மலையையும் மடுவையும் ஒப்பிடும் செயல் என்று அவர்கள் முகம் சுளிக்கவும் கூடும். நாம் இரண்டையும் ஒரே நிறையாகக் கருதவில்லை. ஆயினும் மலையின் உயரத்தை மடுவில் நின்று நோக்கும்போதும் அறியலாமல்லவா? நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக் காலம் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த கதை ஒன்று உண்டு. இமாமவர்கள் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ஆராய்ந்த வினா ஒன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலமும் விருதுநகரும் கடந்து சென்றால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி. வானம் பார்த்த கரிசல் பூமி அது. மழை பொய்த்த அம்மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்தன. அவ்வூரிலிருந்து 1972 ஆம் ஆண்டில் ‘முத்து காமிக்ஸ்’ புறப்பட்டது. சௌந்தரபாண்டியன் வெளியிட, முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பேற்ற அவ்வரிசையின் முதல் நூலே ‘இரும்புக்கை மாயாவி’. பேருந்து நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தெருமுனை வாடகை நூல்நிலையங்களிலும் அது கைக்குக் கை மாறிற்று. தெற்குவாசலிலும் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் வளர்ந்த நம் வயதினருள் மாயாவியை அறியாதார் அரியர்.

மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் 1962 அக்டோபரில் அக்கதை தொடங்கிற்று. கென் புல்மர் எழுதத் தொடங்கி, டாம் டுல்லி தொடர்ந்தார். படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கதைத் தலைவன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்டவன். மற்றொரு விபத்தில் கடும் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் முழுதும் பிறர் கண்ணுக்கு மறைந்து விடுகிறது. இரும்புக்கை மட்டும் மறையாது அந்தரத்தில் நிற்கிறது. காணப்படாதவனாகி விட்டோம் என்று அறிந்ததும் கிராண்டேல் செய்தது யாது? திருடினான், அச்சுறுத்தினான், நகரங்களை நடுங்க வைத்தான். பின்னரே திருந்தி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனாகிறான். நம் பிள்ளைகள் போற்றிய வீரன் முதலில் ஒரு குற்றவாளி என்பதை நாம் மறந்து விடுகின்றோம். கதையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

எவரும் காணாதபோது மனிதன் என்ன செய்வான்? இவ்வினா மிகப் பழையது. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் கைஜஸ் என்னும் ஆட்டிடையனைப் பற்றிய கதையை எடுத்தாள்கிறார். அவ்விடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் உருவம் மறையும். அவ்வளவுதான்! அரண்மனை புகுந்தான், அரசியை வசப்படுத்தினான், அரசனைக் கொன்று நாட்டைக் கைக்கொண்டான். மனிதர் நேர்மையாக நடப்பது பிடிபட்டு விடுவோம் என்னும் அச்சத்தினால் மட்டுமே என்று வாதிடுவோர் கூறும் கதை இது. எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ புதினமும் ஏறக்குறைய இதே முடிவைத்தான் காட்டுகிறது. மாயாவியின் முதற்கதை அந்த வரிசையில் வந்து சேர்ந்த ஒன்று.

இனி இமாமவர்களிடம் வருவோம். 1058 இல் தூஸ் நகரில் பிறந்து 1111 இல் அங்கேயே மறைந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் பேராசானாக உலகப் புகழின் உச்சியில் இருந்தவர், 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். பிறர் பார்வையில் உயர்ந்து நிற்பதும், இறைவன் பார்வையில் உயர்ந்து நிற்பதும் ஒன்றல்ல என்னும் உண்மை அவரை உலுக்கியதே அதற்குக் காரணம். நாற்பது பாகங்கள் கொண்ட இஹ்யாவின் 38 ஆம் பாகம் ‘முராகபா, முஹாசபா’ பற்றியது. கண்காணிப்பும் கணக்கெடுப்பும் என்று அதைத் தமிழில் கூறலாம்.

அப்பாகத்திலும் ஓர் ஆட்டிடையன் வருகிறான். மக்கா நோக்கிச் செல்லும் வழியில் மலையிலிருந்து இறங்கி வந்த அவனிடம் உமர் (ரலி) அவர்கள் ஓர் ஆட்டை விலைக்குக் கேட்கிறார்கள். தான் அடிமை என்றும் ஆடுகள் எஜமானனுக்கு உரியவை என்றும் அவன் கூறுகிறான். ஓநாய் தின்றுவிட்டதென்று எஜமானனிடம் சொல்லி விடேன் என்று உமர் (ரலி) அவனைச் சோதிக்கிறார்கள். அவ்வாறாயின் அல்லாஹ் எங்கே என்று இடையன் திருப்பிக் கேட்கிறான். உமர் (ரலி) அழுதுவிட்டார்கள். மறுநாள் அவ்வடிமையை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள் என்று இஹ்யா கூறுகிறது. பிளேட்டோ எடுத்தாண்ட இடையனுக்கு மோதிரம் தேவைப்பட்டது. இந்த இடையனுக்கோ ஆளற்ற மலையே மோதிரம். வாய்ப்பு இருவருக்கும் ஒன்றே. முதலாமவன் தன்னைக் காண்பார் எவருமில்லை என்று எண்ணினான். இரண்டாமவன் காண்பவன் ஒருவன் உளன் என்று அறிந்திருந்தான்.

இவ்வறிவு தானாக நிலைத்து நிற்பதில்லை என்பதையும் இமாமவர்கள் உணர்ந்திருந்தார்கள். எனவேதான் வணிகர்க்குப் புரியும் மொழியில் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். கீழமாசி வீதியில் மண்டி வைத்திருப்போர் இதைக் கேட்டவுடன் தலையசைப்பர். அறிவு முதலாளி, நப்ஸு கூட்டாளி, ஆயுளே முதல். முதலைக் கொடுக்கு முன் நிபந்தனை பேச வேண்டும். வியாபாரம் நடக்கையில் கண்காணிக்க வேண்டும். மாலையில் கணக்குப் பார்க்க வேண்டும். குறை கண்டால் தண்டிக்க வேண்டும், மேலும் உழைக்கச் செய்ய வேண்டும், இடித்துரைக்கவும் வேண்டும். இந்த ஆறு படிகளிலும் முதலாளியும் கூட்டாளியும் ஓர் உள்ளத்திற்குள்ளேயே இருக்கின்றனர். வெளியே நிற்கும் காவலாளிக்கு இங்கு வேலையில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு மாயாவியை அளந்து பார்ப்போம். கிராண்டேல் திருந்தினான் என்று கதை கூறுகிறதே தவிர, எப்படித் திருந்தினான் என்பதை அழுத்தமாகக் காட்டவில்லை. நிழற்படையின் தலைவர் ஆணையிடுகிறார், மாயாவி நிறைவேற்றுகிறான். வெளியே இருந்த போலீசுக்குப் பதிலாக வெளியே ஒரு தலைவர் வந்தார். உள்ளே கணக்குப் பார்ப்பவர் வரவில்லை. நாளை அத்தலைவரே தீயவராக மாறினால் இக்கை எதைச் செய்யும்? அக்கதைகள் இவ்வினாவின் வாசல்வரை வந்து திரும்பி விடுகின்றன. இது அவற்றின் பெருங்குறை.

1984 இல் சிவகாசியிலிருந்தே எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’ வழியே வந்த ஸ்பைடரிடம் இக்குறை இன்னும் வெளிப்படை. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக விரும்பியவன், பின்னர்க் குற்றவாளிகளை வேட்டையாடுகிறான். ஆனால் அவனுடைய தற்பெருமை முன்னும் பின்னும் ஒன்றே. அணி மாறுவது தவ்பா ஆகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை. மாறாக, மாயாவி தோன்றிய அதே 1962 இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்பைடர்மேன் கதை ஒருபடி முன்னே செல்கிறது. தன் முன்னே தப்பியோடிய திருடனைப் பிடிக்காமல் விட்ட இளைஞன், அத்திருடனாலேயே தன்னை வளர்த்த பெரியப்பாவை இழக்கிறான். அவனுக்கு மேல் ஆணையிடத் தலைவர் எவருமில்லை. தவறிய கடமைக்குத் தானே தன்னிடம் கணக்குக் கேட்டுக் கொள்கிறான். முஹாசபாவின் மங்கிய நிழலை அங்கே காண்கிறோம்.

எனினும் மாயாவியின் கதையில் வேறெங்கும் காணாத ஓர் அற்புதக் குறிப்பு உண்டு. உடல் முழுதும் மறைந்தாலும் அந்தக் கை மறைவதில்லை! கதாசிரியர் அதை ஒரு விறுவிறுப்புக்காகவே வைத்திருக்கலாம். நமக்கோ யாஸீன் சூராவின் 65 ஆம் வசனம் நினைவுக்கு வருகிறது. வாய்கள் முத்திரையிடப்பட்டு, செய்தவற்றைக் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் நாளைக் குறித்து அவ்வசனம் எச்சரிக்கின்றது. வெள்ளி இரவுதோறும் நம் வீடுகளில் ஓதப்படும் சூரா அது. ஆளை மறைக்கலாம்; பெயரை மறைக்கலாம்; செய்த கையை மறைக்க இயலாது. காற்றில் தனித்து மிதக்கும் அவ்விரும்புக் கையைக் காணும் சிறுவன் அஞ்சுவது ஏன்? செயல் செய்தவனிடமிருந்து பிரிந்து நின்று அவனைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை அவன் உள்ளம் எப்படியோ உணர்கிறது.

இங்கிலாந்து எழுத்தாளர் எண்ணாத பொருளை நாம் ஏற்றிச் சொல்கிறோம் என்று கூறலாம். உண்மையே. கஸ்ஸாலியின் கருத்தைப் பரப்ப எவரும் மாயாவியைப் படைக்கவில்லை. கதை நல்ல வினாவை எழுப்பியிருந்தால், அதற்கு எழுத்தாளர் தந்த விடையோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை என்பதே நம் வாதம்.

இதில் நம் வீடுகள் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. எழுபதுகளின் நடுவே, நாம் பதினொரு வயதுச் சிறுவராயிருந்தபோது, வாடகை நூல்நிலையக்காரர் தேநீர் அருந்த உள்ளே சென்ற வேளையில் ஒரு மாயாவிப் புத்தகத்தை மதரஸாப் பைக்குள் செருகிக் கொண்டு வந்து விட்டோம். எவரும் காணவில்லை. அவ்வாரமே, ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் ஒரு கதை சொன்னார். ஒரு பெரியார் தம் சீடர் ஒவ்வொருவரிடமும் ஒரு பறவையையும் கத்தியையும் கொடுத்து, எவரும் காணாத இடத்தில் அறுத்து வரச் சொல்கிறார். எல்லோரும் அறுத்து வந்தனர். ஓர் இளைஞன் மட்டும், எவரும் காணாத இடம் கிடைக்கவில்லையென்று உயிர்ப் பறவையோடு திரும்பினான். இதுவும் இஹ்யாவின் அதே பாகத்துக் கதை என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம். மறுநாள் அப்புத்தகத்தையும், மூன்று நாள் வாடகையையும் கடைக்காரரிடம் நீட்டினோம். பேரேட்டில் பெயர் இல்லையே, காசு எதற்கு என்றார் அவர். பதில் சொல்லத் துணிவின்றி ஓடி வந்துவிட்டோம்.

அதே நாட்களில் நம் அத்தா மாயாவிப் புத்தகம் ஒன்றைக் கிழித்து அடுப்பில் இட்டதும் உண்டு. அவருடைய நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அடுப்பு கற்பித்தது, அத்தா வரும் நேரத்தை அறிந்து வைத்துக்கொள்வதை மட்டுமே. பறவைக் கதைதான் எடுத்த கையைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. பெற்றோரின் கண்ணுக்கு மட்டுமே அஞ்சி வளரும் பிள்ளை, அக்கண் அகன்றவுடன் முதற்கதையின் கிராண்டேலாகி விடுகிறான்.

இன்று மின்சாரம் பாய வேண்டியதுகூட இல்லை. கைப்பேசியில் பொய்ப்பெயர் ஒன்றைச் சூட்டிக் கொண்டால் எவரும் மாயாவியாகலாம். பிறரை ஏசலாம், அவதூறு பரப்பலாம், நள்ளிரவில் எதையும் பார்க்கலாம். எல்லா அறைகளிலும் காவல் நிற்கப் பெற்றோரால் இயலுமா? இஹ்யாவின் பல பகுதிகள் தமிழில் கிடைக்கின்றன. மாயாவியின் பழைய கதைகளும் 2010களில் மறுபதிப்பாக வந்தன. இரண்டையும் வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. பிள்ளை மாயாவியைப் படித்து முடித்ததும் அருகில் அமர்ந்து, ‘உடல் மறைந்ததே, கை ஏன் மறையவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடையிலிருந்து இமாமவர்களின் பாடத்தைத் தொடங்கலாம்.